என் பெயரில் போன கல்யாணப் பத்திரிகை

கடையில் புதிதாகச் சேர்ந்திருக்கிற நீங்கள் நான்கு பேரும் சேர்ந்து எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தீர்கள். இத்தனை வருட சர்வீஸில் நான் பார்த்ததிலேயே பொல்லாத வைரஸ் எது என்று. உட்கார்ந்து யோசித்தேன். திரையில் எழுத்துகளை மழைபோல உதிர வைத்தது ஒன்று. கோப்புகளை எல்லாம் பூட்டிவிட்டுச் சாவிக்குப் பணம் கேட்டது ஒன்று. பெயர்கள் மறந்துவிட்டன. ஓய்வு பெற்றவர்களுக்கு மறதி ஒரு சலுகை. ஆனால் அவை புகுந்த வீடுகளில் இருந்த ஆட்கள் ஒருவரும் மறக்கவில்லை. அதனால் ஆட்களைப் பற்றிச் சொல்கிறேன். எதை நிறுவ வேண்டும், எதை நீக்க வேண்டும் என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது கோவையில் வீடு வீடாகப் போய்க் கம்ப்யூட்டர் பார்க்கும் பெண் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். ஸ்கூட்டரை நிறுத்திவிட்டுப் பையோடு படியேறினால், கதவைத் திறப்பவர்கள் என் தோளுக்கு மேலாகத் தெருவை எட்டிப் பார்ப்பார்கள். "ஏனுங்க அம்மணி, கம்ப்யூட்டர் பாக்கறவரு பொறகால வாராருங்களா?" நான்தான் என்று சொன்னால், "அப்படீங்களா" என்று உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுத்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை தெருவைப் பார்ப்பார்கள்.

என் முதல் பெரிய தப்பு மதுக்கரையில் நடந்தது. அங்கே வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர். கணீரென்ற குரல், மடிப்புக் கலையாத சட்டை. அவருடைய கம்ப்யூட்டர் மாட்டு வண்டி வேகத்தில் போகிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். திறந்து பார்த்தால், மகளுக்கு வரன் பார்ப்பதற்காக இலவச ஜாதகப் பொருத்த மென்பொருள் ஒன்றை எங்கிருந்தோ இறக்கியிருக்கிறார். அதோடு கூடவே பன்னிரண்டு வேண்டாத விருந்தாளிகள் வந்து குடியேறியிருந்தார்கள். நான் இளரத்தம். கண்டுபிடித்த சந்தோஷத்தில், வரவேற்பறையில் மகளும் வருங்காலச் சம்பந்தி வீட்டாரும் உட்கார்ந்திருக்கும்போதே, "ஜாதகம் பொருந்துச்சோ இல்லையோ, வைரஸ் பத்துக்குப் பத்துப் பொருந்தியிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். பெரியவரும் சிரித்தார். அவருடைய காது மட்டும் சிவந்திருந்தது. அதை நான் பார்த்தேன். பார்த்தும் அதற்கு ஒரு பொருள் உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

கிட்டத்தட்ட ஒரு வருடம் கழித்து அவருடைய மகள் போன் செய்தாள். "அப்பாவுக்கு ஞாபக மறதி வந்துருச்சுங்க. டாக்டரைப் பாத்துட்டிருக்கோம். அவரு கம்ப்யூட்டரும் கெட்டுக் கெடக்குது. யுபிஎஸ் போச்சுங்கறாரு. அதைச் சரிபண்ணிக் குடுத்தாலாவது அவருக்குக் கொஞ்சம் பொழுது போகும்."

போனேன். யுபிஎஸ் நன்றாக இருந்தது. கம்ப்யூட்டரைப் போட்டதும் எங்கும் பார்க்காத ஒரு கடவுச்சொல்லைக் கேட்டது. எனக்குப் புரிந்துவிட்டது. மகளைக் காப்பி போடச் சொல்லி அனுப்பிவிட்டு, அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"யாருங்கையா கூப்புட்டாங்க?"

அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார். திரையில் சிவப்பாக ஒரு எச்சரிக்கை வந்தது, அதில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டார், மரியாதையாகப் பேசினார்கள், அவர்கள் சொன்னபடி எல்லாம் செய்தார், பணம் கேட்டார்கள், மறுத்ததும் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமுங்களே."

"பண்ணலாம்னுதான் எடுத்தேன் அம்மணி. மறுக்காவும் நாலு பேரு முன்னால சிரிப்பீங்களோன்னு வெச்சுட்டேன்."

கதை அதோடு முடியவில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்குள் அவருடைய ஏழு வருட உழைப்பு இருந்தது. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்காகப் பங்காளிக் குடும்பங்கள் எல்லாவற்றின் பட்டியலையும் ஊர் ஊராகப் போய்க் கேட்டுத் தட்டச்சு செய்து வைத்திருந்தார். யார் மகன் யார், எந்த ஊருக்குக் குடிபோனார்கள், எந்தக் கிளை. அது போய்விட்டது என்று வெளியே சொல்ல முடியாமல், நான்கு மாதமாகப் பஸ் ஏறித் திரும்பவும் அதே வீடுகளுக்குப் போய், நோட்டுப் புத்தகத்தில் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். தாராபுரத்தில் ஒரு வீட்டில், "இதே கேள்வியத்தானுங்க போன தடவையும் வந்து கேட்டீங்க" என்றிருக்கிறார்கள். இவர் என்ன பதில் சொல்வார்? "அப்படீங்களா, மறந்துபோச்சு" என்று சமாளித்திருக்கிறார். இப்படி ஏழெட்டு வீடுகளில் சமாளித்ததும், பாவம் அவருக்குப் புத்தி மங்கிவிட்டது என்று செய்தி பங்காளிகள் வழியாகவே மகளுக்கு வந்து சேர்ந்துவிட்டது.

மருத்துவர் கொடுத்த மாத்திரையைக்கூட ஒரு மாதமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஏமாந்துபோனேன் என்று சொல்வதைவிட மறதிக்காரன் என்று பெயர் வாங்குவது அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது.

வன்தட்டைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டிப் பார்த்தேன். பூட்டியவர்கள் வாசலைத்தான் பூட்டியிருந்தார்கள். உள்ளே பட்டியல் அலுங்காமல் இருந்தது. அரை மணி நேர வேலை. நான்கு மாதம், எத்தனையோ பஸ், ஒரு மாத மாத்திரை, எல்லாம் நான் அடித்த ஒரு நகைச்சுவைக்கு விலை. மகளிடம் என்ன சொன்னேன் தெரியுமா? "யுபிஎஸ்தானுங்க. சரிபண்ணிட்டேன்." பெரியவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். மாத்திரை விஷயத்தைப் பின்னால் அவரே மகளிடம் சொல்லி நிறுத்திக்கொண்டார். அன்றிலிருந்து, சுட்டியின் பொத்தான் இரண்டு முறை அழுந்துகிறது என்பதற்குக்கூட எனக்கு போன் செய்வார்.

வீட்டில் நாலு பேர் இருக்கும்போது "யார் இதை அமுக்கினது?" என்று கேட்காதீர்கள். கேட்டே ஆக வேண்டுமென்றால், எல்லோரையும் காப்பி போட அனுப்பிவிட்டுக் கேளுங்கள்.

இனி எங்கள் கடையில் போன் எடுத்த அக்காவைப் பற்றி. பெயர் சொல்ல மாட்டேன். தன் பெயர் எழுத்தில் வருவது அவருக்குப் பிடிக்காது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். கம்ப்யூட்டர் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் கடைசிவரை மறுத்துவிட்டார். ஆனால் நாங்கள் ஐந்து பேர் வெளியே ஓடியாடிக் காப்பாற்றியதைவிட அவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி காப்பாற்றிய வீடுகள் அதிகம்.

ஒரு நாள் ஒருவர் பதறிக்கொண்டு கூப்பிட்டார். திரை முழுக்கச் சிவப்பு, சங்கு ஊதுகிறமாதிரி சத்தம், ஐந்து நிமிடத்துக்குள் கீழே இருக்கும் எண்ணுக்குக் கூப்பிடாவிட்டால் எல்லாம் அழிந்துவிடும் என்று எழுதியிருக்கிறது. அக்கா நிதானமாகச் சொன்னார்: "மொதல்ல அந்தச் சத்தத்தை அணைச்சுபோட்டு வாங்க. காது வலிக்குது." அவர் போய் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு வந்தார். "இப்ப போய் மூஞ்சி கழுவீட்டு, ஒரு சொம்புத் தண்ணி குடிச்சுட்டு வாங்க. நான் லைன்லயே இருக்கறேன்." அவரும் போய்விட்டு வந்தார். அக்கா கேட்டார்: "அஞ்சு நிமிஷம் ஆயிருச்சுங்களா?"

"ஆயிருச்சுங்க."

"என்னாச்சு?"

"ஒண்ணும் ஆகலீங்க."

"அவ்வளவுதானுங்க. கம்ப்யூட்டரை அணைச்சு வெய்யுங்க. மத்தியானம் எங்க பொண்ணு வரும்."

அவசரப்படுத்துகிறவர்களிடம் சரக்கு இருப்பதில்லை என்பது அக்காவின் கட்சி. சரக்கு இருப்பவன் நாளைக்கும் வருவான் என்பார். இதை நான் எத்தனையோ வீடுகளில் என் சொந்தக் கண்டுபிடிப்புபோலச் சொல்லிப் பேர் வாங்கியிருக்கிறேன். அப்படிச் சொல்லித் திரிந்த நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லும் கட்டத்துக்கு இப்போது வந்துவிட்டேன். சிரிப்பதானால் சிரித்துக்கொள்ளுங்கள்.

அது வைகாசி மாதம். எனக்கு அப்போது ஐம்பத்தைந்து வயது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை, அமையவில்லை, அமையாததில் எனக்குப் பெரிய குறையும் இல்லை. இதை ஏன் சொல்கிறேன் என்பது சற்று நேரத்தில் தெரியும். முகூர்த்த சீசன் என்பதால் அந்த வாரம் மட்டும் என் போனுக்கு ஏழெட்டுக் கல்யாணப் பத்திரிகைகள் வந்திருந்தன. காலை எட்டு மணிக்குச் சிங்காநல்லூர் சிக்னலில் நிற்கும்போது இன்னொன்று வந்தது. அனுப்பியிருந்தவர் எனக்குத் தெரிந்த அச்சகக்காரர். மகனுக்குப் பெண் பார்க்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். சரி, முடிந்துவிட்டது போலிருக்கிறது என்று தொட்டேன்.

"தெரியாத இடத்திலிருந்து வருகிறது, அனுமதிக்கவா?" என்று போன் கேட்டது. அனுமதித்தேன். "உங்கள் குறுஞ்செய்திகளைப் படிக்கலாமா?" என்றது. படி என்றேன். பின்னால் ஒரு பஸ் ஆரன் அடித்தது. பத்திரிகை திறக்கவில்லை, வெறும் வெள்ளைத் திரை. அச்சகம் வைத்திருப்பவர் தன் வீட்டுப் பத்திரிகையையே சரியாக அனுப்பவில்லையே என்று மனதுக்குள் அவரைக் கேலி செய்துகொண்டு வண்டியைக் கிளப்பினேன். எத்தனையோ வீட்டுக் கூடங்களில் நின்று "கண்டதையும் அமுக்காதீங்க" என்று நீட்டிய அதே விரலால்தான் இதைச் செய்தேன்.

கடைக்கு வந்து சேர்வதற்குள் முதல் அழைப்பு. வடவள்ளியிலிருந்து ஒரு டீச்சர்.

"அம்மணி, நெம்ப சந்தோசமுங்க. இந்த வயசுல துணை வேணும்னு நான் எப்பவோ நெனச்சேன். மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?"

"யாருக்குங்க டீச்சர்?"

"ஏனுங்க, உங்களுக்குத்தான். உங்க படம் போட்டுப் பத்திரிகை வந்துருக்குதுங்களே."

வந்தது பத்திரிகையே இல்லை, பத்திரிகை வேஷம் போட்ட ஒரு திருட்டு ஆப். அச்சகக்காரரின் போனுக்குள் இருந்தவர்கள் இப்போது என் போனுக்குள் இருந்தார்கள். என் குறுஞ்செய்தியில் வந்த ரகசிய எண்ணை எடுத்து, நான் செய்தி அனுப்பும் ஆப்பை அவர்கள் போனில் திறந்து, என்னை வெளியே தள்ளிவிட்டு, என் தொடர்பில் இருந்த அறுநூற்றுச் சொச்சம் பேருக்கும் அதே பத்திரிகையை அனுப்பிவிட்டார்கள். அதன் தலைமாட்டில், அந்த ஆப்பில் நான் வைத்திருந்த என் படம். அண்ணன் மகன் நிச்சயதார்த்தத்தில் பட்டுப்புடவையும் மல்லிகைப்பூவுமாக எடுத்தது. பார்ப்பவர்களுக்கு வேறெப்படித் தோன்றும்?

டீச்சரிடம் போனை உடனே அணைத்து வைக்கச் சொன்னேன். என் போனின் சிம்மைக் கழற்றினேன். கடைத் தொலைபேசியிலிருந்து என் வங்கிக்குச் சொல்லிக் கணக்கை நிறுத்தினேன். அதுவரை கை தானாக வேலை செய்தது. அதற்குப் பிறகுதான் உறைத்தது. அந்த அறுநூறு பேரும் என்னை நம்பி வீட்டுக்குள் விட்டவர்கள். நானே திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்டிருக்கிறேன். ஒரு நிமிடம், உண்மையைச் சொல்கிறேன், "சர்வரில் ஏதோ கோளாறு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. என் பெயரைக் காப்பாற்ற அது போதும். ஆனால் கோளாறு என்று கேட்டவர்கள் அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். போனை அணைக்க மாட்டார்கள்.

கடையின் வாடிக்கையாளர் பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, யாரை முதலில் கூப்பிடுவது என்று வேகமாகப் பட்டியல் போட்டேன். ஒரு மில் முதலாளி, ஒரு மருத்துவர், ஒரு ஆடிட்டர். அக்கா எட்டிப் பார்த்தார்.

"இவியெல்லாம் எதுக்குக் கண்ணு மொதல்ல?"

"பெரிய ஆளுங்கக்கா. போனா நெறையப் போகும்."

"அவியளுக்கு ஒரு நாளைக்கு நூறு பத்திரிகை வரும். உன்றதைத் தொறக்கவே மாட்டாங்க." என் கையிலிருந்த பேனாவை வாங்கி அந்த மூன்று பெயர்களையும் அடித்தார். "உனக்குக் கல்யாணம்னு கேட்டா ஆரு சந்தோசப்படுவாங்களோ, அவியளைக் கூப்புடு. அவியதான் ஓடிப்போய்த் தொறந்திருப்பாங்க."

என் வாழ்க்கையில் அப்படி ஒரு பட்டியலை நான் போட்டதே இல்லை. எனக்குக் கல்யாணம் என்றால் யார் சந்தோஷப்படுவார்கள்? காலை எட்டரை மணிக்கு, கடைத் தொலைபேசி ஓயாமல் அடித்துக்கொண்டிருக்க, அதை யோசித்தேன். பதினோரு பேர் தேறினார்கள். அதில் சொந்தக்காரர் என் அண்ணன் ஒருவர்தான்.

அண்ணனையே முதலில் கூப்பிட்டேன். எடுத்ததும், "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலையா உனக்கு?" என்றார். கோபத்தில் அவர் பத்திரிகையைத் திறக்கவே இல்லை. எங்கள் குடும்பத்துக் கோபம் உருப்படியாக ஒரு காரியம் செய்தது அந்த ஒரு முறைதான். பதினோரு பேரில் ஏழு பேர் திறந்திருந்தார்கள். அக்கா சொன்னது அப்படியே நடந்திருந்தது. ஆறு பேரைப் பிடித்துப் போனை அணைக்க வைத்துவிட்டோம். ஒருவர் மட்டும் எடுக்கவே இல்லை.

அவர் கோபிசெட்டிபாளையத்துக்காரர். வாழையும் தென்னையும் வைத்திருப்பவர். மகள் இங்கே கல்லூரியில் படித்தபோது எங்கள் கடையில்தான் லேப்டாப் வாங்கினார். மகள் படித்துமுடித்து வெளிநாடு போன பிறகு, அவளோடு முகம் பார்த்துப் பேச வீட்டில் எல்லாம் அமைத்துக் கொடுத்தவள் நான். மூன்றாவது முறையும் எடுக்காததால் அவர் மனைவியின் பட்டன் போனுக்கு அடித்தேன்.

"அவரு உங்க கல்யாணத்துக்குத்தான் வந்துட்டிருக்காருங்க" என்றார் அந்த அம்மா.

"என்னைக்குன்னு பாக்கலீங்களா?"

"எங்கீங்க, பத்திரிகையத் தொறந்தா வெள்ளையா இருக்குதாம். மோட்டாருக்குச் சாமான் வாங்க எப்படியும் கோயமுத்தூர் போகோணும், நேர்லயே கேட்டுக்கறேன்னு ஒரு வாழத்தார் வெட்டி எடுத்துட்டு அப்பவே பஸ் ஏறிட்டாரு. போனு மஞ்சப்பையில அடியில கெடக்கும், கேக்காது."

தேங்காய் விற்ற பணமெல்லாம் இருக்கும் கணக்கு அந்தப் போனில்தான் இருந்தது. போன் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தது. திருடர்கள் அதற்குள் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு மேல் வாழைத்தார்.

அந்த அம்மாவிடம் நான் எதையும் மறைக்கவில்லை. கல்யாணம் இல்லை, என் போனிலிருந்து தப்பான பத்திரிகை போய்விட்டது, தப்பு என்னுடையது, உடனே வங்கிக்குப் போக வேண்டும் என்றேன். அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் மொபெட்டை எடுத்தார். வங்கி திறக்கும்போது வாசலில் முதல் ஆளாக நின்றார். ஆனால் கணக்கு கணவர் பெயரில். "அவரு வராம நிறுத்த முடியாதுங்கம்மா" என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அந்த அம்மா பட்டன் போனில் எங்கள் கடைக்கு அடித்து அவர் கையில் கொடுத்துவிட்டார்.

"நீங்க யாருங்க?" என்றார் மேனேஜர்.

"நான்தானுங்க கல்யாணப் பொண்ணு."

இப்படி உளறிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்தில் அக்கா மேஜையை விரலால் மெதுவாகத் தட்டினார். நிதானம் என்று அர்த்தம். என் நாக்கு நுனிவரை விதிமுறைகளும் சண்டையும் வந்திருந்தன. அவர் சொல்வதும் நியாயம்தான். யாரோ ஒருத்தி போனில் சொன்னாள் என்று இன்னொருவர் கணக்கில் கைவைக்க முடியுமா? அவரால் என்ன செய்ய முடியும் என்பதை மட்டும் கேட்க வேண்டும்.

"நிறுத்த வேண்டாமுங்க. நீங்க உங்க திரையில அந்தக் கணக்கை ஒருதரம் பாருங்க. அவரு இப்ப பஸ்ல வந்துட்டிருக்காரு. போனைத் தொடக்கூட இல்லை. பஸ்ல இருக்கறவரு இந்நேரம் யாருக்காவது பணம் அனுப்பியிருக்காரான்னு மட்டும் பாருங்க."

தட்டச்சுச் சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது. மேனேஜர் குரல் மாறிவிட்டது. "ஒண்ணு போயிருக்குது. ஏழு நிமிஷம் முன்னால. இன்னொண்ணு இப்ப வந்து நிக்குது." அடுத்து அவர் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது கேட்டது. அந்த இன்னொன்று போகவில்லை. அதற்குப் பிறகு எதுவும் போகவில்லை. சைபர் கிரைம் புகாரையும் அவரே கூட இருந்து எழுத வைத்தார்.

பதினொரு மணிக்குக் கோபிக்காரர் கடைக்குள் நுழைந்தார். வெள்ளை வேட்டி, தோளில் ஓர் ஆள் உயரத்துக்கு வாழைத்தார். நான் வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. மஞ்சப்பைக்குள் கையை விட்டுப் போனை எடுத்துச் சிம்மைக் கழற்றிய பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"கல்யாணம் எங்கீங்க அம்மணி?"

"கல்யாணமே இல்லீங்க."

"அப்ப மாப்பிள்ளை?"

"மாப்பிள்ளையும் இல்லீங்க."

அவர் தாரை மெதுவாக இறக்கி வைத்தார். நடந்ததை எல்லாம் சொன்னேன். சிக்னலில் நின்றது, அமுக்கியது, பஸ் ஆரன், ஒன்றையும் விடவில்லை. அவர் கணக்கிலிருந்து போனதை நான் கொடுத்துவிடுகிறேன் என்றேன். அவர் வேட்டி நுனியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பணம் போனதைவிட மாப்பிள்ளை இல்லாததுதான் அவருக்கு வருத்தம் என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அதெல்லாம் வேண்டாமுங்க. உங்க கல்யாணத்துக்கு நான் வெச்ச மொய்னு போட்டுக்குங்க."

அக்கா சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டார். சிரிக்கப் போனாரா, கண்ணைத் துடைக்கப் போனாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மீதி அறுநூறு அழைப்புகளை நானும் அக்காவும் இரண்டு நாளில் முடித்தோம். எல்லோரிடமும் ஒரே வாசகம்: "நான் கவனமில்லாம அமுக்கினதால இது வந்துச்சுங்க. நீங்க தொறந்தீங்களா?" திறந்தவர்கள் வீட்டுக்கு எல்லாம் நேரில் போய்ச் சுத்தம் செய்து கொடுத்தேன். காய்த்தார் கடையில் தொங்கிப் பழுத்தது. போனைக் காட்ட வந்தவர்களுக்கு அக்கா ஆளுக்கு இரண்டு பழம் கொடுத்து, "கல்யாணச் சாப்பாடு இவ்வளவுதானுங்க" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டுப் போகவில்லை. "நீங்களே இப்படின்னா" என்று பாதியில் போனை வைத்தவர்கள் உண்டு. சிலர் அதற்குப் பிறகு என்னைக் கூப்பிடவே இல்லை. அதில் ஒரு வீட்டுக்கு நான் பதினாறு வருடமாகப் போய்க்கொண்டிருந்தேன். அந்தத் தெரு வழியாகப் போகும்போது இப்போதும் என் கை தானாக வேகத்தைக் கூட்டிவிடுகிறது.

நீங்களும் ஒரு நாள் அமுக்குவீர்கள். எத்தனை படித்திருந்தாலும் பின்னால் ஒரு பஸ் ஆரன் அடிக்கும். அன்றைக்கு ஒரு மணி நேரத்துக்குள் உங்கள் வாயாலேயே சொல்லிவிடுங்கள். யாரிடம் முதலில் என்று குழப்பம் வந்தால், உங்கள்மேல் யாருக்குப் பிரியம் அதிகம் என்று பாருங்கள். ஆபத்து அவர்களுக்குத்தான் அதிகம்.

கோபிக்காரர் அதன் பிறகு எந்தப் பத்திரிகையையும் எனக்கு போன் செய்யாமல் திறப்பதில்லை. நான் ஓய்வு பெற்றுவிட்டேன் என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன், காதில் போட்டுக்கொள்ளவில்லை. உங்களில் ஒருவருடைய எண்ணைக் கொடுத்துப் பார்த்தேன்; பத்திரமாக எழுதி வைத்துக்கொண்டு எனக்கே கூப்பிடுகிறார். போன வாரமும் கூப்பிட்டார்.

"அம்மணி, ஒண்ணு வந்துருக்குதுங்க. தொறக்கலாமுங்களா?"

அனுப்பியவரிடம் பேசினீர்களா, வந்திருப்பது படமா ஆப்பா, கோப்பின் பெயர் எப்படி முடிகிறது என்றெல்லாம் கேட்டேன். எல்லாம் சரியாக இருந்தது. திறக்கச் சொன்னேன். திறந்தார். பிறகு நிதானமாகப் படித்தார். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, மண்டபம், முகூர்த்த நேரம்.

"நெசக் கல்யாணந்தானுங்க" என்றார் திருப்தியாக. "நீங்களும் வந்துருங்க அம்மணி. மாப்பிள்ளையோட சித்தப்பா ஒருத்தரு இருக்காரு. ஒத்தை ஆளு. கம்ப்யூட்டரெல்லாம் வெச்சிருக்காரு."